எழுத்து வருவதற்கு முன் கணக்கு இருந்ததா? டெல் சபி அப்யத் பற்றி ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

மெசொப்பொத்தேமியா என்றால் தெற்கு ஈராக்கின் பழைய நாகரிகமான சுமேர்தான். கணக்கு, நிர்வாகம், சொத்து எல்லாமே ஊருக் நகரத்தில் எழுத்தோடு பிறந்தவை. அதற்கு முந்தைய மண்சுவர்க் கிராமங்களில் பானை ஓட்டையும் ஆட்டெலும்பையும் தவிர என்ன இருக்கிறது? அவற்றைத் தோண்டுவதற்கு இத்தனை ஆண்டு உழைப்பு எதற்கு? யாராவது ஒரே ஒரு நல்ல காரணம் சொல்லுங்கள்.

என் பதில், பிப்ரவரி 4, இரவு

ஒரே காரணம் போதுமென்றால் டெல் சபி அப்யத்.

வடக்குச் சிரியாவில், யூப்ரட்டீஸில் வந்து சேரும் பலிக் ஆற்றின் பள்ளத்தாக்கில், துருக்கி எல்லைக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் மேடு. 1986இல் பீட்டர் ஆக்கர்மான்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். போர் வரும்வரை, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அந்தப் பணி நடந்தது. அதில் ஓர் அடுக்குக்கு "எரிந்த கிராமம்" என்றே பெயர் வந்துவிட்டது. ஏறத்தாழ கி.மு. 6000. ஒரு பெரும் தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து சுமார் 300 களிமண் முத்திரை வில்லைகள் கிடைத்தன. கூடையின் மூடியிலும் பானையின் வாயிலும் ஈரக் களிமண்ணை அப்பி, அதன்மேல் செதுக்கிய கட்டையை அழுத்திய அடையாளங்கள். ஆடுகள், முக்கோணங்கள், செடிகள், மனித உருவங்கள்.

ஊருக்கில் முதல் எழுத்துப் பலகைகள் தோன்றுவது கி.மு. 3300 சுமாருக்கு. இடையில் 2700 ஆண்டுகள். அரசன் இல்லை, கோயில் இல்லை, எழுத்து இல்லை. சில நூறு பேருக்கு மேல் வாழ்ந்திருக்க முடியாத ஓர் ஊர். அங்கே ஒருவர் தன் பொருளைக் கட்டி, முத்திரை வைத்து, வேறொருவர் கையில் ஒப்படைத்திருக்கிறார். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

பிப்ரவரி 5

"சிரியாவில் இருப்பது எப்படி மெசொப்பொத்தேமியா ஆகும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். யூப்ரட்டீஸுக்கும் டைகிரிஸுக்கும் நடுவிலுள்ள நிலம் இன்றைய ஈராக் எல்லைக்கோட்டோடு நின்றுவிடவில்லை. மேல் மெசொப்பொத்தேமியா இன்றைய வடக்கு ஈராக், வடகிழக்குச் சிரியா, தென்கிழக்குத் துருக்கி மூன்றிலும் பரவியிருக்கிறது. வரலாற்றுக்கு முந்தைய கிராமங்களைப் பற்றிப் பேசும்போது இந்த வடக்குதான் முக்கியம். மழையை நம்பிப் பயிர் செய்ய முடிந்த நிலம் அது.

தெற்கில் பழைய கிராமங்கள் குறைவாகக் கிடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அவற்றை ஆழத்தில் புதைத்துவிட்டது. தெற்கு ஈராக்கின் பழைய நகரமான லார்சாவுக்கு அருகிலுள்ள டெல் உவைலியில் பிரெஞ்சுக் குழு தோண்டியபோது, அடியில் இன்னும் பழைய அடுக்குகள் இருப்பது தெரிந்தும் நிலத்தடி நீர் வழிவிடவில்லை. கிடைக்காததை வைத்துக்கொண்டு "அங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லக் கூடாது. எனக்கு இதில் கோபமே உண்டு, மன்னிக்கவும்.

பிப்ரவரி 5, பின்னிரவு

நான் பல ஆண்டுகள் நெல் கிடங்கு ஒன்றில் பொறுப்பாளராக இருந்தவன். தொல்லியல் படித்தவன் அல்லன். ஆனால் முத்திரையோடு வாழ்ந்தவன்.

கிடங்குக் கதவில் பூட்டு, பூட்டின் மேல் துணி, துணியைக் கட்டிய சணலின் முடிச்சில் அரக்கு. அரக்கு சூடாக இருக்கும்போதே பித்தளை முத்திரையை அழுத்துவோம். புதிதாக வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி: "ஒரு சுண்டு சுண்டினால் உடைந்துவிடுமே, இதில் என்ன பாதுகாப்பு?" பாதுகாப்பு பூட்டின் வேலை. அரக்கு சாட்சி. உடையாமல் இருந்தால், நேற்று இரண்டு பேர் முன்னிலையில் மூடியது இன்றும் அப்படியே இருக்கிறது என்று பொருள். திருடனை அது தடுக்காது. ஆனால் "நான் எடுக்கவில்லை" என்று பொறுப்பாளர் சொல்வதற்கும், "நீதான் எடுத்தாய்" என்று பொருளுக்குரியவர் சொல்வதற்கும் நடுவில் அது நிற்கும்.

சபி அப்யத்தின் களிமண் வில்லைகளும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு கூடையின் மேலிருக்கும் காய்ந்த களிமண்ணைச் சிறு பிள்ளையும் உடைத்துவிடும். ஆகவே அந்த ஊரில் கவலை கள்வரைப் பற்றியது அன்று. மூடியபோது இருந்தவர் திறக்கும்போது ஊரில் இல்லாமல் போகலாம் என்ற நிலைமை இருந்திருக்கிறது. எல்லோரும் எந்நேரமும் ஒரே இடத்தில் இருக்கும் ஊரில் முத்திரைக்குத் தேவையே இல்லை.

பிப்ரவரி 7

மேலே எழுதியதற்குத் துணை இருக்கிறது. ஆக்கர்மான்ஸும் அவரோடு பணியாற்றிய கிம் டவ்ஸ்டர்மாட்டும் 1996இல் முன்வைத்த கருத்து இதுதான்: பொருளைச் சேமித்து வைத்தவர்களில் ஒரு பகுதியினர் ஆடுமாடுகளோடு ஆண்டின் பல மாதங்கள் வெளியே சுற்றியவர்கள். ஊரில் நிலையாகக் குடியிருந்தவர்கள் சிலர். அவர்கள் மற்றவர்களின் கூடைகளையும் பைகளையும் காத்து வைத்தார்கள். பதிவுகளில் பல பத்து வெவ்வேறு முத்திரைக்கட்டைகளின் அடையாளம் தெரிகிறது. ஒரே தலைவர், ஒரே முத்திரை என்றிருந்தால் இத்தனை வகை வந்திருக்காது. அந்தக் கட்டைகளோ அந்த அடுக்கில் கிடைக்கவில்லை. உரியவர்கள் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. மேய்ச்சல்காரர்கள் தனிக் கூட்டமாக இருந்தார்களா, அல்லது ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருவர் மட்டும் மந்தையோடு போனார்களா என்பது பெரிய கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் நெருக்கமாகப் படுகிறது. அண்ணன் மந்தையோடு போவான், தம்பி வயலைப் பார்ப்பான். அண்ணன் தம்பிக்குள்ளும் சாட்சி தேவைப்படும். தேவைப்படாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 8

"இது வெறும் வணிகம். வெளியூர் வியாபாரி முத்திரை வைத்து அனுப்பிய மூட்டையை இங்கே வாங்கிப் பிரித்திருப்பார்கள்" என்று எழுதியவருக்கு:

நியாயமான ஐயம். ஆய்வாளர்களுக்கும் அது முதலில் வந்தது. அதனால்தான் வில்லைகளின் மண்ணையே வேதியியல் முறையில் சோதித்தார்கள். தொலைவிலிருந்து வந்த மூட்டையென்றால் முத்திரைக் களிமண்ணும் அந்தத் தொலைவூரின் மண்ணாக இருக்க வேண்டும். சோதனையில் அது உள்ளூர் மண் என்று தெரிந்தது. பொருள் எங்கிருந்து வந்திருந்தாலும் முத்திரை விழுந்தது அந்த வட்டாரத்தில்தான்.

தொலைவூர்ப் பொருளே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின், எரிமலைக் கண்ணாடிக்கல் அந்தக் காலக் கிராமங்கள் பலவற்றில் கிடைக்கிறது. கத்தியாகவும் அரிவாள் பல்லாகவும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் இந்த 300 வில்லைகள் சொல்லும் கதை வேறு.

பிப்ரவரி 8, மாலை

வில்லையின் முகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லையே!

முகத்தில் அழகான ஆடு இருக்கும். முதுகில்தான் உண்மை இருக்கிறது. ஈரக் களிமண் எதன்மேல் அப்பப்பட்டதோ அதன் அச்சு முதுகில் விழும்: கூடையின் பின்னல், கயிற்றின் முறுக்கு, பானை விளிம்பின் வளைவு, தோலின் சுருக்கம். என்ரிகா ஃபியாந்திரா என்ற இத்தாலிய ஆய்வாளர் 1960களில் கிரீட் தீவின் ஃபைஸ்தோஸ் அரண்மனையில் கிடைத்த முத்திரை வில்லைகளை இப்படித் திருப்பிப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார். அதுவரை பல அருங்காட்சியகங்களில் முத்திரை என்றால் படத்துக்காக மட்டும் பார்க்கும் கலைப்பொருள். அவர் திருப்பிப் பார்த்தபோதுதான், எது கதவின் முளையில் இருந்தது, எது சாக்கில் இருந்தது என்று பிரிக்க முடிந்தது.

சபி அப்யத் வில்லைகளின் முதுகில் கூடைகள், பானைகள், கல் கிண்ணங்கள், தோல் பைகள் எனத் தூக்கிச் செல்லக்கூடிய கலங்களின் அச்சுகளே இருக்கின்றன. கதவை மூடி முத்திரையிடும் வழக்கம் பிற்கால அரண்மனைகளில் வருகிறது. இங்கே அறை பொது, கூடை தனி. எனக்கு இந்த ஒரு விவரம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. ஒரே அறைக்குள் பலருடைய கூடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. அறைக்குள் யாரும் நுழையலாம் என்ற நம்பிக்கையும், கூடையைத் தொடக் கூடாது என்ற ஒழுங்கும் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

பிப்ரவரி 11

செய்து பார்த்துவிடுவோம் என்று குயவரிடம் பதப்படுத்திய களிமண் வாங்கி வந்தேன். புளியங்கட்டைத் துண்டில் ஓர் ஆட்டு உருவம் செதுக்கினேன். பனையோலைப் பெட்டியின் மூடிக்கயிற்று முடிச்சிலும், வாயைத் துணியால் கட்டிய பானை ஒன்றிலும் களிமண்ணை அப்பி அழுத்தினேன்.

கவனித்தவை:

ஓலைப் பின்னல் வில்லையின் முதுகில் துல்லியமாக விழுகிறது. துணியின் இழை அதைவிடத் துல்லியம். என் விரல் ரேகை ஓரங்களில் தானாகவே பதிந்துவிட்டது. நான் திட்டமிட்டுச் செய்யவில்லை.

காய்ந்த பிறகு உடைக்காமல் கயிற்றை உருவ முடியவில்லை. உடைத்ததை நனைத்து ஒட்டப் பார்த்தால் கோடுகள் மழுங்கிப்போகின்றன. கட்டை கையில் இருந்தால்தான் மறுபடி பதிக்க முடியும். ஆக ஏமாற்றுவதற்குக் கட்டை வேண்டும், கட்டையோ உரியவரிடம். எளிய ஏற்பாடு, ஆனால் நன்றாக வேலை செய்கிறது.

காய்ந்த வில்லை ஒன்றைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். ஒரு நாழிகைக்குள் சேறு.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தீப்பிடிக்காத கிராமத்தில் இந்த வில்லைகள் உடைத்துப் போட்ட இடத்திலேயே மழையில் கரைந்து மண்ணாகியிருக்கும். சபி அப்யத்தில் தீ அவற்றைச் சுட்டுக் காப்பாற்றியது. அப்படியானால் முத்திரை கிடைக்காத கிராமங்களில் முத்திரை வழக்கமே இல்லை என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா?

பிப்ரவரி 11, சற்றுப் பின்

மேலே கேட்டதை நானே கொஞ்சம் அடக்கிச் சொல்கிறேன். சுடாத களிமண்ணும் உலர்ந்த இடிபாடுகளுக்குள் சில வேளை பிழைத்துக் கிடக்கும். அதனால் "எல்லாக் கிராமத்திலும் இருந்தது, எல்லாம் கரைந்துவிட்டது" என்றும் முடிவு கட்ட முடியாது. கரைந்திருக்கலாம் என்ற வாய்ப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று. இந்த வில்லைகள் விரற்கடை அளவுள்ளவை. மண் நிறத்தில் மண்ணுக்குள் கிடப்பவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான கூலியாட்களைக் கொண்டு, சுவரையும் சிலையையும் தேடி வேகமாகத் தோண்டிய காலத்தில், எத்தனை வில்லைகள் மண்மேட்டோடு மேடாகப் போயினவோ! சபி அப்யத்தில் அறை அறையாக மெதுவாகச் சுரண்டி எடுத்த உள்ளூர்த் தொழிலாளர்களின் கண்ணுக்கும் கைக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 13

ஜார்மோ என்ற இன்னொரு பழைய கிராமத்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஈராக்கியக் குர்திஸ்தானில், கிர்குக்குக்குக் கிழக்கே இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிரெய்ட்வுட் 1948இலிருந்து 1955வரை பல பருவங்கள் அங்கே தோண்டினார். சபி அப்யத்தின் எரிந்த கிராமத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தையது. நூறு, நூற்றைம்பது பேர் வாழ்ந்த சிற்றூர். தாவரவியலாளர், விலங்கியலாளர், நிலவியலாளர் ஆகியோரைக் குழுவோடு சேர்த்துக்கொண்டு போனது பிரெய்ட்வுட்டின் பெருமை. கருகிய கோதுமையும் பார்லியும் பருப்பும் அதனால்தான் குப்பைக்குப் போகாமல் ஆய்வுக்கு வந்தன.

நம் பேச்சுக்கு வேண்டியது ஜார்மோவின் களிமண் உருண்டைகள். ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. வட்டுகளும் கூம்புகளும் அவற்றோடு உண்டு. டெனிஸ் ஷ்மான்ட்-பெசராட் என்ற ஆய்வாளர் இவற்றை எண்ணிக்கைக் காய்கள் என்றார். ஓர் உருண்டைக்கு இத்தனை தானியம், ஒரு கூம்புக்கு இத்தனை என்று கணக்கு வைத்தார்கள். பின்னர் அந்தக் காய்களைக் களிமண் உறைக்குள் போட்டு மூடினார்கள். உறையின் மேல் காயின் அச்சைப் பதித்தார்கள். அதிலிருந்து எழுத்து பிறந்தது என்பது அவர் கட்டிய பாதை.

கடைசிப் பகுதி வலுவானது. கி.மு. நான்காம் ஆயிரத்தில் ஊருக்கிலும் ஈரானின் சூசாவிலும் காய்கள் அடங்கிய உறைகள் கையில் இருக்கின்றன. ஆனால் ஜார்மோவின் ஒவ்வோர் உருண்டையும் கணக்குக்காய் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கவண் உருண்டையாக இருக்கலாம், குழந்தை உருட்டியதாக இருக்கலாம், விளையாட்டுக் காயாக இருக்கலாம். சபி அப்யத்தில் காய்களின் நிலைமை வேறு. அங்கே அவை வில்லைகளோடு ஒரே அறையில் கிடந்தன. துணை நிற்கும் சாட்சி இருக்கிறது.

பிப்ரவரி 14

அந்த அறையைப் பற்றி விரிவாகவே எழுதிவிடுகிறேன். நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் அது.

எரிந்த கிராமத்தின் வீடுகள் செவ்வக வடிவம். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன அறைகள் நெருக்கமாக இருக்கின்றன. சிலவற்றுக்கு வாசலே இல்லை. கூரை வழியாகவோ தவழ்ந்து நுழையும் துளை வழியாகவோதான் போக முடியும். ஆள் படுத்து உறங்கும் அளவு அல்ல, பொருள் வைக்கும் அளவு. அருகிலேயே வட்ட வடிவக் கட்டடங்களும் அடுப்புகளும். ஒரு கட்டடத்தின் சிற்றறை ஒன்றில் வில்லைகள் குவியலாகக் கிடந்தன. அவற்றோடு எண்ணிக்கைக் காய்களும் சிறு உருவங்களும் வேறு சிறு பொருள்களும்.

வில்லைகள் கலங்களின் மேல் ஒட்டிய நிலையில் இல்லை; பிரித்தெடுக்கப்பட்டவை. கூடையைத் திறந்தாயிற்று, பொருளை எடுத்தாயிற்று. பிறகு ஏன் உடைந்த களிமண்ணை ஒரே அறையில் சேர்த்து வைக்க வேண்டும்? வாசலில் வீசியிருக்கலாமே?

கிடங்கில் நாங்கள் உடைந்த அரக்கை உறையில் போட்டு, தேதி எழுதி, அடுத்த இருப்புச் சரிபார்ப்புவரை வைத்திருப்போம். இன்ன நாள், இன்னார் முன்னிலையில் திறந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. கணக்கு நேரான பிறகுதான் அதைக் கழிப்போம். அந்த உறைகள் அடுக்கிய அலமாரியைப் பார்த்தால், வெளியாள் எவருக்கும் குப்பையாகத்தான் தெரியும்.

ஆகவே "ஆவண அறை" என்று அகழாய்வாளர்கள் சொன்னபோது எனக்குச் சிறிதும் வியப்பில்லை. இத்தனை வில்லை என்றால் இத்தனை முறை திறப்பு. அருகில் காய்கள் இருந்தால் இத்தனை அளவு. எழுத்து இல்லாமலே ஒரு பேரேடு! துருக்கியின் ஆர்ஸ்லான்டெபேயில், இதற்கு 2500 ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்ட அரண்மனையில், 2000க்கும் மேற்பட்ட முத்திரை வில்லைகள் கிடைத்தன. பயன்படுத்திய பிறகு சேர்த்து வைத்து, கணக்கு முடிந்ததும் ஒதுக்கிய முறை அங்கே தெளிவாகவே தெரிகிறது. அரண்மனை அந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கிராமத்திடமிருந்து எடுத்துக்கொண்டது.

பிப்ரவரி 15

நேற்றைய கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சபி அப்யத்திலிருந்து ஆர்ஸ்லான்டெபேக்கு நேர்க்கோடு போட முடியாது, உண்மை. இடையில் பல நூற்றாண்டுகள், பல ஊர்கள். நான் சொல்வது இதுதான்: அரசு தோன்றியபோது முத்திரை, சேமிப்பறை, உடைத்ததைக் காத்து வைக்கும் வழக்கம் மூன்றும் அந்தப் பகுதியின் கிராமங்களில் ஏற்கெனவே பழகிப்போனவை. தொல்லியலாளர் கார்டன் சைல்டு 1950இல், நகரங்கள் தோன்றிய மாற்றத்துக்குத் தாம் வைத்த பெயரான நகரப் புரட்சியின் பத்து அடையாளங்களைப் பட்டியலிட்டார். எழுத்தும் பதிவும் அதில் உண்டு. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கீழே பார்த்தால், கிராமம் எப்போதும் "இல்லாதவற்றின்" தொகுப்பாகவே தெரியும். எழுத்து இல்லை, கோயில் இல்லை, அரசன் இல்லை. இழையைத் தொடங்கிய கேள்வியிலும் அந்தப் பார்வைதான் இருக்கிறது.

பிப்ரவரி 17

உணவுச் சேமிப்பு என்றால் தானியம் மட்டும்தானா என்ற கேள்வி நல்ல கேள்வி. வடக்கு ஈராக்கில் உம் தபாகியா என்ற இடத்தை டயானா கிர்க்பிரைடு 1971 முதல் 1974வரை தோண்டினார். வரிசை வரிசையாகச் சிறு அறைகள் கொண்ட சேமிப்புக் கட்டடங்கள் அங்கே உண்டு. எலும்புகளில் பெரும்பகுதி காட்டுக் கழுதையினுடையவை. சுவரில் வேட்டை ஓவியங்கள். தோலைப் பதப்படுத்திச் சேர்த்து வைத்து வெளியே அனுப்பிய இடம் என்று அவர் கருதினார். நல்ல மழை இல்லாத உவர் நிலத்தில் அந்த ஊர் இருந்ததற்கு அது பொருத்தமான விளக்கம்.

சபி அப்யத்திலும் கூடைக்குள் என்ன இருந்தது என்று வில்லை சொல்வதில்லை. தானியம், கம்பளி, பாலிலிருந்து செய்த ஏதேனும் ஒன்று, துணி, எதுவாகவும் இருக்கலாம்.

கம்பளியையும் துணியையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், கி.மு. 6200ஐ ஒட்டி உலகத் தட்பவெப்பத்தில் திடீரென ஒரு குளிர்ச்சி, பல இடங்களில் வறட்சி. அதே காலத்தை ஒட்டி சபி அப்யத்திலும் பல மாற்றங்கள். பன்றி குறைகிறது, தக்களிகள் கூடுகின்றன, வட்டக் கட்டடங்கள் வருகின்றன, முத்திரை வருகிறது. குளிர்ச்சிதான் முத்திரையைக் கொண்டுவந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட எனக்குத் தயக்கம். ஆனால் மேய்ச்சல் கூடினால் ஊரை விட்டு வெளியே இருப்பவர் கூடுவர், வெளியே இருப்பவர் கூடினால் சாட்சிக்கான தேவை கூடும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் நம்பத்தக்கதாகவே இருக்கிறது.

பிப்ரவரி 20

தீ. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

விபத்தா, பகைவர் வைத்ததா, ஊரார் தாமே வைத்ததா? மார்க் வெர்ஹூவன் என்ற ஆய்வாளர் மூன்றாவதைச் சொன்னார். அவர் காட்டும் சான்று: கட்டடம் ஒன்றின் இடிபாட்டில் இருவருடைய எலும்புக்கூடுகள், மேல்தளத்திலிருந்து சரிந்து விழுந்த நிலையில் கிடந்தன. அவற்றோடு முட்டை வடிவப் பெரிய களிமண் உருக்கள், காட்டு ஆட்டுக் கொம்பு பதித்தவையும் உண்டு. வேறெங்கும் பார்த்திராத வகைப் பொருள்கள். இது இறப்புச் சடங்கு. இறந்தவர்களோடு கட்டடத்தையும் எரித்து முடித்தார்கள் என்பது அவர் வாதம். மண்சுவரும் மண்கூரையும் கொண்ட வீடு எளிதில் முழுமையாக எரிந்துவிடாது, விறகோ வைக்கோலோ சேர்க்க வேண்டும் என்பதும் அவர் பக்கத்துக்குத் துணை.

எனக்கு முதலில் இது பிடிக்கவில்லை. விளங்காததையெல்லாம் "சடங்கு" என்ற பெட்டிக்குள் போடுவது தொல்லியலில் எளிதான வழி. ஆனால் அந்த இருவரும் கொம்பு பதித்த உருக்களும் சேர்ந்து மேலே இருந்ததை விபத்து என்ற ஒரு சொல்லால் கடந்துபோகவும் முடியவில்லை.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. யாரும் எழுதி நான் படித்ததில்லை. என் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் காப்பாளர் இறந்தால் என்ன செய்வார்கள்? எழுத்து இல்லாத கணக்கில் பாதி அந்த மனிதரின் நினைவில் இருக்கிறது. எந்த ஆட்டுப் படம் யாருடைய முத்திரை, எந்தக் காய் எந்த அளவு, யார் எப்போது திறந்தார், இவையெல்லாம் அவர் வாய்ச்சொல். அவர் போனால் அறையிலுள்ள வில்லைகள் வெறும் களிமண். பழைய கணக்கை முடித்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழி இல்லை. எரிக்கப்பட்டது வீடு மட்டுமன்று, ஒரு பேரேடும்கூட என்றால் அந்தத் தீக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

பிப்ரவரி 20, இரவு

ஒரு வாசகர் உடனே எழுதினார்: "அப்படி வேண்டுமென்றே கணக்கை முடிப்பவர்கள் வில்லைகளை முன்பே உடைத்து அகற்றியிருக்க மாட்டார்களா?"

இருக்கலாம். ஆனால் வீட்டோடு சேர்த்து முடிப்பதும் ஒரு முறைதானே. தீக்குப் பிறகும் அந்த மேட்டில் மக்கள் வாழ்ந்தார்கள், எரிந்த கிராமத்தின் மேலேயே புது வீடுகள் எழுந்தன. இடத்தை அஞ்சி விட்டு ஓடவில்லை. இது என் ஊகத்துக்கு நிரூபணம் ஆகாது; எதிராகவும் இல்லை.

பிப்ரவரி 24

அதே மேட்டின் உச்சியில் வேறொரு காலம் இருக்கிறது என்று சொல்ல மறந்துகொண்டே இருந்தேன். கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலும் அசிரியர்கள் அங்கே சதுரக் கோட்டை ஒன்றைக் கட்டினார்கள். இலி-பதா என்ற பெரும் அதிகாரியின் பண்ணைக் கோட்டை அது. ஆப்பு வடிவக் கோடுகளால் எழுதிய ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. தானியம் யாருக்கு எவ்வளவு, பீர் வடிப்பவருக்கு என்ன கொடுத்தது, யார் யாருக்குக் கடன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரே மேடு. கீழே எழுத்தில்லாத முத்திரை, மேலே எழுத்தோடு கூடிய முத்திரை, நடுவில் ஏறத்தாழ 4800 ஆண்டுகள். மேலே உள்ளதைப் படித்தால் யாருடைய பெயர், என்ன பதவி என்று தெரிகிறது. கூடவே யார் யாருக்குக் கீழே என்பதும் தெரிகிறது. அங்கே கணக்கு மேலிருந்து கீழே போகிறது. தானியத்தை அளந்து கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர்கள் பலர். கீழே எரிந்த கிராமத்தில் பல பத்து முத்திரைகள் ஒன்றுக்கொன்று சமமாக ஒரே அறையில் கிடந்தன. எதுவும் மற்றதைவிடப் பெரியது என்று காட்டும் அடையாளம் இல்லை. கேள்வி கேட்டவர் "நிர்வாகம்" என்றது மேலே உள்ள வகையை மட்டும். கீழே உள்ளதும் நிர்வாகம்தான். அயலார் அயலாருக்குக் கணக்குச் சொல்வது.

மார்ச் 2

"இப்போது அங்கே போய்ப் பார்க்க முடியுமா?" என்றவருக்கு.

அகழாய்வு 2010ஓடு நின்றது. 2011இல் போர். வடக்குச் சிரியாவின் ராக்கா நகரில் பாதுகாப்பாக வைத்திருந்த அகழாய்வுப் பொருள்கள் 2013ஐ ஒட்டிக் கொள்ளைபோயின. பெட்டி பெட்டியாக எண்ணிட்டு அடுக்கிய கால் நூற்றாண்டு உழைப்பு. சில பிற்பாடு மீட்கப்பட்டன. பல எங்கே என்று தெரியாது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆக்கர்மான்ஸும் குழுவினரும் பழைய புகைப்படங்களையும் வரைபடங்களையும் பதிவேடுகளையும் கொண்டு, ராக்கா அருங்காட்சியகத்தில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலை மீண்டும் உருவாக்கும் வேலையில் இறங்கினார்கள்.

கிடங்கின் இருப்பேடு எரிந்துபோனால் முதல் வேலை மூட்டையைத் தேடுவதன்று, ஏட்டைத் திரும்ப எழுதுவது. ஏடு இருந்தால்தான் எது காணாமல் போனது என்று கேட்கவே முடியும். அந்தப் பட்டியல் வேலையைப் பற்றி அறிந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இணைய ஏலங்களில் "வட சிரியா, புதிய கற்கால முத்திரைக்கட்டை" என்று ஏதேனும் கண்ணில் பட்டால், அது எந்த ஆண்டு எந்த நாட்டிலிருந்து வெளியேறியது என்ற ஆவணத்தைக் கேளுங்கள். காட்டவில்லையென்றால் வாங்காதீர்கள், வாங்குபவரையும் தடுங்கள். கையில் அடங்கும் இத்தகைய கல்துண்டு, எந்த அறையில் எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போனபின் வெறும் அலங்காரப் பொருள்.

மார்ச் 3

உருவங்களைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் பாக்கி. ஆவண அறை என்கிறோமே, அங்கே மனித உருவங்களுக்கு என்ன வேலை என்பது கேள்வி. எரிந்த கிராமத்தில் கிடைத்த பெண் உருவங்கள் பலவற்றில் தலை இல்லை. எல்லாம் தற்செயலாக ஒரே இடத்தில் உடையுமா என்ற ஐயம் இயல்பானது. களிமண் உருவத்தில் கழுத்துதான் மெலிந்த பகுதி, கீழே விழுந்தால் முதலில் போவதும் அதுதான். அதனால் தலையில்லாமையை மட்டும் வைத்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தலைகள் அதே அறையில் கிடைத்தனவா இல்லையா என்பதை வைத்துத்தான் பேச வேண்டும். அறைவாரியான பொருள் பட்டியலோடு அகழாய்வு அறிக்கை கையில் கிடைப்பவர்கள் பார்த்து இங்கே எழுதுங்கள். அடுத்து அதைப் பேசலாம்.